மூழ்கும் கப்பலும் நனைந்த தாளும்: பிரிட்டிஷ் நீர்வண்ண ஓவியத்தைச் சுற்றி ஒரு பழைய வினா

கரையில் பத்திரமாக நிற்கும் ஒருவன் கண்ணெதிரே கப்பல் உடைகிறது, மனிதர்கள் மூழ்குகிறார்கள். அவன் மனத்தில் எழுவது இரக்கமா, நடுக்கமா, தான் தப்பியதில் ஒரு நிம்மதியா? ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விடை சொல்லிவிட்டார். பிறர் துன்பம் நமக்கு இனிப்பதில்லை, அந்தத் துன்பம் நமக்கு நேரவில்லை என்ற அறிவே இனிக்கிறது என்பது அவர் வாதம். அதன் பிறகும் வினா ஓய்ந்தபாடில்லை. 1979இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹான்ஸ் புளூமென்பெர்க், கரையில் நிற்கும் இந்தப் பார்வையாளரை வைத்தே ஒரு நூல் எழுதினார்.

பிரிட்டனில் இது நூல்களில் விவாதிக்கப்பட்டதைவிட ஓவியங்களில் விவாதிக்கப்பட்டதே அதிகம் எனலாம். தீவு நாடு, செல்வம் வந்ததும் போர் நடந்ததும் கப்பலில். கப்பற்சேதம் அங்கே செய்தித்தாளின் அன்றாடச் சரக்கு. இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நீர்வண்ண ஓவியத்தைத் தங்கள் தேசியக் கலை என்று பிரிட்டிஷார் சொல்லிக்கொள்ளத் தொடங்கினர். 1804இல் அதற்கென்றே லண்டனில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. எண்ணெய் வண்ணத்தின் கனமும் பளபளப்பும் இல்லாத, கைக்கடக்கமான ஒரு தாளில், தண்ணீரில் கரைத்த நிறத்தால் கடலின் பேரழிவை வரைய முடியுமா? முடிந்தால், பார்ப்பவரை அது எங்கே நிறுத்துகிறது?

கரையில் நிற்பவரைப் பற்றிய வினாவை இலக்கிய, தத்துவ ஆய்வாளர்களும் நீர்வண்ணத்தைப் பற்றியதைக் கலைக்கூடக் காப்பாளர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. கீழே வரும் நிலைப்பாடுகள் பலவற்றின் பலவீனம் இந்தப் பிரிவினையிலிருந்தே பிறக்கிறது என்று கருத இடமுண்டு. அதைச் சோதிக்க ஒரு படம் போதும். ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1818ஆம் ஆண்டையொட்டி வரைந்த, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று அழிவதைக் காட்டும் நீர்வண்ண ஓவியம் அது. இப்போது பெட்ஃபோர்ட் நகரின் ஹிக்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு ஏறத்தாழ 28 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம்.

இறைவன் அனுப்பிய புயல்

பிரிட்டிஷ் கடல் ஓவியம் ஒரு டச்சு இறக்குமதி. வில்லெம் வான் டி வெல்டே என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் 1672-73 குளிர்காலத்தில் லண்டன் வந்து சேர்ந்தனர். 1674இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுண்டு சம்பளம் விதித்தார். அவர்களோடு டச்சுப் புயலோவிய மரபும் வந்தது. அதில் பாறையில் மோதும் கலம் வெறும் விபத்தாக இல்லை. மனித வாழ்வின் நிலையாமைக்கும் இறைவன் சித்தத்துக்கும் சான்றாக நின்றது. லாரன்ஸ் கெடி 1989இல் வெளியிட்ட நூல் இந்த மரபை விரிவாக ஆராய்கிறது.

இதிலிருந்து பிரிட்டிஷ் ஓவியம் எப்படி விலகியது என்பதற்கு ஜார்ஜ் லாண்டோவின் 1982ஆம் ஆண்டு நூல் ஒரு தெளிவான வரைபடம் தருகிறது. முன்பு கப்பற்சேதம் தண்டனையாகவோ சோதனையாகவோ இருந்தது, முடிவில் மீட்பு இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு மீட்பில்லாத, இறைவனில்லாத கப்பற்சேதம் தலையெடுக்கிறது. ஈர்ப்பான வாதம்தான். ஆனால் லாண்டோவின் சான்றுகள் பெரும்பாலும் எழுத்திலிருந்து வருபவை. கவிதை தன் கடவுளைப் பெயர் சொல்லி அழைக்கும் அல்லது மறுக்கும். டர்னரின் தாளில் கிழிந்த மேகத்துக்கு இடையே விழும் வெளிச்சம் அருளா, வெறும் வானிலையா என்று அந்தத் தாளே சொல்லாது. இந்த நிலைப்பாட்டை இன்று முழுமையாக ஏற்பவர் குறைவு.

பாதுகாப்பான தூரம்

செல்வாக்கில் இதை விஞ்சியது எட்மண்ட் பர்க் 1757இல் முன்வைத்த கோட்பாடு. அச்சம் நம்மை நேரடியாக நெருக்கினால் அது வெறும் வலி. ஓரளவு தள்ளி நின்றால் அதே அச்சம் ஒருவகைக் களிப்பைத் தரும். அதுவே உன்னதம். இருள், பேரளவு, எல்லையின்மை ஆகியவை அதன் கருவிகள். கடல் இவை மூன்றையும் ஒருசேரத் தருவதால், பர்க்கின் நூலுக்கு விளக்கப்படம் வரைவதுபோல் ஒரு தலைமுறை ஓவியர்கள் புயலை வரைந்து தள்ளினார்கள். 1771இல் லண்டனில் குடியேறிய லூதர்பர்க் அவர்களில் முக்கியமானவர். டி. எஸ். ஆர். போஸ் 1959இல் எழுதிய கட்டுரை இந்தக் கற்பனாவாதக் காலக் கப்பற்சேதங்களை முதன்முதலாக ஒழுங்குபடுத்தித் தந்தது. அதன் பிறகு வந்த அருங்காட்சியக விளக்கப் பலகைகள் பெரும்பாலும் பர்க்கையே திரும்பச் சொல்கின்றன.

பேரளவான எண்ணெய் ஓவியங்களுக்கு இந்த விளக்கம் பொருந்தும். பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ, 1816இல் விபத்துக்குள்ளான மெடூசா கப்பலின் தெப்பத்தை வரைந்த படம் 1820இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். அதன் முன் நிற்பவர் சிறுத்துத்தான் போவார். ஆனால் 28 செ.மீ. உயரமுள்ள தாள் யாரைச் சிறுக்க வைக்கும்? இரு கையால் பிடித்துப் பார்க்கக்கூடிய படம் அது. டர்னரின் படத்தில் கப்பலின் சரிந்த மேல்தளம் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது; அதில் எறும்புச் சாரிபோல் மனித உருவங்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் முகத்தைத் தாளருகே கொண்டுபோக வேண்டும். பர்க் கேட்ட தூரம் அங்கேயே போய்விடுகிறது. காலூன்றி நிற்க ஒரு கரையையும் டர்னர் நமக்குத் தரவில்லை.

உன்னதக் கோட்பாடு தவறு என்று இதனால் சொல்லிவிட முடியாது. பெரிய கண்காட்சிக் கூடத்தின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்ட விளக்கம், வீட்டில் மேசைமேல் வைத்துப் பார்க்கப்பட்ட தாள்களுக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் ஐயம். கோட்பாடு பார்ப்பவரைப் பற்றியே பேசுகிறது. மூழ்குபவர் அதில் ஒரு கருவி மட்டுமே என்ற ஒழுக்கவியல் குறையும் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது.

கண்ணால் கண்டவர்

மூன்றாவது நிலைப்பாடு ஓவியரைச் சாட்சியாக நிறுத்துகிறது. அதன் மூலக்கதை ஊரறிந்தது. 1842இல் டர்னர் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியத்தின் நீண்ட தலைப்பிலேயே, ஏரியல் என்ற கப்பல் ஹாரிச் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட இரவில் தானும் அந்தப் புயலில் இருந்ததாக எழுதியிருக்கிறார். தன்னைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லி நான்கு மணி நேரம் புயலைப் பார்த்ததாக அவர் கூறினார் என்பதைக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் வழியாக அறிகிறோம். படத்தைச் சோப்பு நுரை, சுண்ணாம்புக் குழம்பு என்று எள்ளிய விமர்சகர்களுக்கு இதுவே பதிலாகவும் ஆயிற்று: நான் பார்த்தேன், நீங்கள் பார்த்தீர்களா?

கதையில் ஓட்டைகள் உண்டு. அந்தக் காலத்தில் ஹாரிச்சிலிருந்து அப்படியொரு ஏரியல் புறப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. அப்போது டர்னருக்கு 65 வயது கடந்திருக்கும். இதே பாய்மரக் கதை பிரெஞ்சுக் கடல் ஓவியர் வெர்னே பற்றியும் முன்பே வழங்கியது. கடல் ஓவியர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட ஒரு தொழில்முறைக் கதை என்று இதைக் கொள்வதே பாதுகாப்பு.

உறுதியான சாட்சியம் வேறிடத்தில் இருக்கிறது, அதைத் தந்தவர் பிரிட்டிஷார்கூட இல்லை. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881-82இல் வடகிழக்கு இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்தில் தங்கியிருந்தார். 1881 அக்டோபரில் அயர்ன் கிரவுன் என்ற பாய்க்கப்பல் அருகிலுள்ள டைன்மத்தில் தரைதட்டியபோது அவர் கரையில் இருந்தார். அங்கேயே கோட்டோவியங்கள் வரைந்தார். பிறகு அக்காட்சியை நீர்வண்ணத்தில் தீட்டினார். டைன்மத்தில் 1864லேயே தன்னார்வ மீட்புப் படை அமைந்திருந்தது. ஆகவே ஹோமரின் படத்தில் கப்பலோடு மீட்பவர்களும் இருக்கிறார்கள். கரையில் நிற்பவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான் என்ற லுக்ரீஷியஸின் முன்முடிவை இந்தக் கடற்கரை மறுத்துவிடுகிறது. 1824இல் தொடங்கிய தேசிய உயிர்காப்பு நிறுவனத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் கரைப்பார்வையாளர் கயிறும் படகும் வைத்திருப்பவராகவும் ஆகிவிட்டார். தத்துவ ஆய்வுகளில் இந்த மாற்றத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

நீர்வண்ணம் எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது, ஆகவே அதுவே சாட்சியின் ஊடகம் என்ற துணைவாதமும் உண்டு. பாதி உண்மை. பெட்டியும் தாளும் கையில் அடங்கும் என்பது சரி. ஆனால் கடற்சாரல் அடிக்கும்போது தாள் உலராது, வாஷ் எனப்படும் நீர்த்த வண்ணப்பூச்சு நிற்காது. ஹோமர் செய்ததுபோல் இடத்தில் கோடும் அறையில் வண்ணமும் என்பதே பெருவழக்கு. இதற்கிடையே சாட்சியத்தின் பொறுப்பையே ஒளிப்படம் எடுத்துக்கொண்டுவிட்டது. சில்லி தீவுகளைச் சேர்ந்த கிப்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எடுத்த கப்பற்சேதப் படங்களை 2013இல் கிரீன்விச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் வாங்கியது. அந்தத் தொகுப்பைப் பார்த்த பிறகு, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி காட்டுவதுதான் ஓவியத்தின் வேலை என்று வாதிடுவது கடினம்.

தாளில் தண்ணீர்

அண்மைக் காலத்தில் வலுப்பெற்றிருப்பது பொருள்சார் வாசிப்பு. ஓவியம் எதைக் காட்டுகிறது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எதனால், எப்படி ஆக்கப்பட்டது என்று கேட்பது. இதற்கு மிகச் சிறந்த ஆவணம் 1818இல் யார்க்ஷயரின் ஃபார்ன்லி மாளிகையில் நிகழ்ந்த ஒன்று.

மாளிகையின் உரிமையாளர் வால்டர் ஃபோக்ஸ் டர்னரின் நண்பர், புரவலர். போர்க்கப்பலின் பருமன் எவ்வளவு என்று விளங்கும்படி ஒரு படம் வரையுமாறு காலை உணவு வேளையில் அவர் கேட்டாராம். டர்னர் உடனே உட்கார்ந்தார். ஃபோக்ஸின் மகன் அருகில் இருந்து பார்த்தார். முதலில் தாள் சொட்டச் சொட்ட நனையும்வரை வண்ணநீரை ஊற்றினார். பிறகு வெறிபிடித்தவர்போல் கிழித்தார், கீறினார், தேய்த்தார். எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது. மெல்ல மெல்ல அந்தக் குழப்பத்திலிருந்து கப்பல் அதன் நுண்ணிய உறுப்புகளோடு வெளிவந்தது. மதிய உணவுக்குள் படம் முடிந்தது. கடற்படையின் முதல்தரக் கப்பல் ஒன்று சரக்கேற்றுவதைக் காட்டும் அந்தப் படமும் பெட்ஃபோர்டில்தான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, கடல் ஓவியம் உருவான இடம் கடலிலிருந்து வெகுதூரம்; சாட்சிக் கோட்பாட்டுக்கு இது நல்லதல்ல. இரண்டாவது, தற்செயலுக்கு இடம் கொடுக்கும் இந்த முறைக்கு முன்னோடி உண்டு. அலெக்சாண்டர் கோசன்ஸ் 1780களில் மைக்கறைகளிலிருந்து நிலக்காட்சியைக் கண்டெடுக்கும் முறையை நூலாகவே எழுதினார். மூன்றாவது, டர்னரின் கருவிகள் பாதி வண்ணம் சேர்ப்பவை, பாதி நீக்குபவை. பஞ்சால் ஒற்றியெடுத்தல், கத்தி முனையாலும் நகத்தாலும் கீறுதல், ரொட்டித் துணுக்கால் துடைத்தல். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மை. நுரையின் வெள்ளை வேண்டுமென்றால் அங்கே தாளை விட்டுவைக்க வேண்டும். தவறினால் மேல்தோலைக் கீறி எடுக்க வேண்டும். ஆகவே அலை உடையும் இடத்தில் தாளும் உடைந்திருக்கிறது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அந்தக் காயங்கள் தெரியும்.

இங்கிருந்து ஒரு பெரிய முடிவுக்குத் தாவுவது எளிது. கடலும் நீர், வண்ணமும் நீர். எண்ணெய் ஓவியம் கடலைக் காட்டுகிறது, நீர்வண்ணமோ கடலாகவே ஆகிறது. ஆகவே கப்பற்சேதத்துக்கு இயல்பான ஊடகம் இதுவே. கண்காட்சி ஏடுகளில் இத்தகைய வாக்கியங்கள் அலையலையாக வருகின்றன. அழகான எண்ணம், ஆனால் மேலே சொன்ன இரு பெட்ஃபோர்ட் படங்களே இதை மறுக்கப் போதுமானவை. இரண்டும் ஒரே காலத்தவை, ஒரே புரவலருக்காக வரையப்பட்டவை, அளவும் ஒன்றே. நனைத்துக் கீறும் முறையும் ஒன்றே. ஒன்றில் கப்பல் கோட்டைபோல் அசையாமல் நின்று சரக்கு ஏற்றிக்கொள்ளும் கம்பீரத்தோடு இருக்கிறது. மற்றதில் கப்பல் சாகிறது. அதே ஈரம் இரண்டையும் தந்தது என்றால், அழிவு ஈரத்திலிருந்து வரவில்லை. டர்னர் எடுத்த முடிவிலிருந்து வந்தது. பொருள்சார் வாசிப்பு படத்தின் மேற்பரப்பை நமக்குத் திருப்பித் தந்தது, அந்தக் கடன் பெரிது. ஆனால் அதற்கு மேல் அதனிடம் கேட்பது அதிகம்.

இந்த வாசிப்பின் இன்னொரு நற்பயன், ஜான் செல் கோட்மன் போன்றவரை மீட்டெடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவரது பாய்மரம் முறிந்த கப்பலில் குழப்பமே இல்லை. தட்டையான வாஷ்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாத தெளிவான விளிம்புகள். புயலைக் கொந்தளிப்பான கையால்தான் வரைய வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சான்று. 20ஆம் நூற்றாண்டுக்குப் பாலம் போடுவது டர்னரைவிடக் கோட்மனே.

கப்பலில் இருந்தவர்கள் யார்?

மேலே கண்ட நான்கு விடைகளும் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. மூழ்கியது யாருடைய கப்பல், அதில் யார் இருந்தார்கள்?

பெட்ஃபோர்ட் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இது போர்க்கப்பலின் அழிவு என்றே அழைக்கப்பட்டது. பிறகே கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் என்று தலைப்பு மாறியது. 1786 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் டார்செட் கரையில் பாறைகளில் மோதி உடைந்த ஹால்ஸ்வெல் கப்பலே இது என்று சிலர் கருதுகின்றனர். லண்டனிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கப்பல் அது. 240க்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர் 74 பேர். கேப்டன் ரிச்சர்ட் பியர்ஸ் தன் இரு மகள்களோடு மூழ்கினார். அந்த மகள்களின் கதையே நாட்டை உலுக்கியது. ஓவியங்களும் கவிதைகளும் அதையே சுற்றி வந்தன. ஆனால் அப்போது டர்னருக்கு வயது 10. படம் 32 ஆண்டுகள் கழித்து வந்தது. ஹால்ஸ்வெல்லின் கதையில் எல்லாரும் நினைவில் வைத்திருந்த செங்குத்துப் பாறையும் அடியிலிருந்த குகையும் இப்படத்தின் மையமாக இல்லை. அடையாளம் சாத்தியமே, நிறுவப்பட்டதாகக் கொள்ள முடியாது.

ஆயினும் கம்பெனிக் கப்பல் என்ற தலைப்பு சரியானால், படம் பேரரசின் வணிகக் கணக்கோடு சேர்ந்துவிடுகிறது. ஜெஃப் குவில்லி 2011இல் வெளியிட்ட நூல், கடல் ஓவியம் பிரிட்டன் தன்னைக் கடல் தேசமாகக் கற்பித்துக்கொள்ள எப்படி உதவியது என்று காட்டுகிறது. அந்த நோக்கில் கப்பற்சேதம் ஓர் இடறல். பேரரசின் கலம் மூழ்கும்போது பேரரசின் கதையும் ஒரு கணம் தடுமாறுகிறது. கடல் பற்றி எழுதிய மாலுமிக் கவிஞர் வில்லியம் ஃபால்கனரே 1769இல் இந்தியா நோக்கிச் சென்ற அரோரா கப்பலோடு காணாமல் போனார். அதைப் பார்க்கக் கரையில் ஒருவரும் இல்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு ஆதாரமான படம் நீர்வண்ணம் அன்று. 1840இல் டர்னர் காட்சிக்கு வைத்த அடிமைக் கப்பல் என்னும் எண்ணெய் ஓவியம். 1781இல் ஸாங் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடலில் வீசப்பட்டதும், அது 1783இல் காப்பீட்டு வழக்காக நீதிமன்றம் ஏறியதும் அதன் பின்னணி என்று பரவலாகக் கூறப்படுகிறது. 1844 முதல் அந்தப் படத்தின் உரிமையாளராக இருந்த ரஸ்கின், அதன் கடலை விரிவாகப் புகழ்ந்தார். வீசப்பட்ட மனிதர்களை ஓர் அடிக்குறிப்பில் வைத்தார். பால் கில்ராய் 1993இல் எழுதிய நூலுக்குப் பிறகு அந்த அடிக்குறிப்பே விவாதத்தின் மையமாகிவிட்டது. டர்னரின் நிலையும் தெளிவானதன்று. 1805இல் ஜமைக்காவில் அடிமை உழைப்பில் நடந்த ஒரு பண்ணையில் அவர் 100 பவுண்டு முதலீடு செய்திருந்தார் என்பதை சாம் ஸ்மைல்ஸின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அவருடைய புரவலர் ஃபோக்ஸோ அடிமை வணிக ஒழிப்பை ஆதரித்த அரசியல்வாதி. நண்பரின் வீட்டு உணவு மேசையில் இந்த முதலீடு பேச்சில் வந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே நிழல் 1835ஐ ஒட்டிய, முடிக்கப்படாத இன்னொரு டர்னர் எண்ணெய் ஓவியத்திலும் விழுகிறது. 1833இல் பெண் கைதிகளை ஏற்றிச் சென்ற ஆம்ஃபிட்ரைட் கப்பல் பிரான்சின் பூலோன் கரையருகே உடைந்தது. உதவி வந்தும் கைதிகளைக் கரையிறக்க கேப்டன் மறுத்ததாகக் கூறப்பட்டது. 100க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். படம் அதைக் குறிக்கிறது என்பது இன்று பலர் ஏற்கும் ஊகம்.

அரசியல் வாசிப்பின் பலம் தெளிவு. மூழ்கும் கப்பலை மானுடப் பொதுத் துயரமாக்கி நழுவவிடாமல், டிக்கெட் வாங்கியவர் யார், விலங்கிடப்பட்டவர் யார் என்று கேட்கவைக்கிறது. அதன் பலவீனம் இரண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரலாற்று நிகழ்வைப் பொருத்திவிடும் ஆவலில், சான்று மெலிதாக இருக்கும் இடத்தில்கூட உறுதியாகப் பேசுகிறது. மேலும், அதன் உதாரணங்கள் பெரும்பாலும் எண்ணெய் ஓவியங்கள். வீட்டுக்குள் பார்க்கப்பட்ட நீர்வண்ணங்கள் இந்த அரசியலில் என்ன பங்கு வகித்தன என்பது இன்னும் எழுதப்படாத பகுதியாகவே இருக்கிறது.

கப்பல் இல்லாத கப்பற்சேதம்

20ஆம் நூற்றாண்டில் காட்சி மாறியது. நீர்மூழ்கிக் குண்டு தாக்கும் கப்பல் கரையிலிருந்து வெகுதூரத்தில், பார்க்க ஆளில்லாமல் மூழ்கியது. லுக்ரீஷியஸின் கரையே இல்லாமல் போனது. ஊர்க்கரையிலேயே உடைந்த கப்பல்கள் இருக்கத்தான் செய்தன. 1938 ஜனவரியில் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில் ஆல்பா உடைந்ததை, அவ்வூரில் வாழ்ந்த முன்னாள் மீனவர் ஆல்ஃபிரட் வாலிஸ் அட்டையிலும் பலகையிலும் கிடைத்த வண்ணத்தால் வரைந்தார். ஆனால் போர்க்கால ஓவியர்களின் சிக்கல் வேறு.

எரிக் ரவீலியஸ் அவர்களில் நீர்வண்ணத்தை விடாப்பிடியாகப் பற்றியவர். 1940 கோடையின் தொடக்கத்தில் ஹைலேண்டர் என்ற போர்க்கப்பலில் நார்வேக் கடலுக்குச் சென்றார். அங்கே குளோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் விமானங்கள் வந்திறங்குவதைப் பார்த்து வரைந்தார். லண்டனில் உள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தாளில் வடதுருவச் சூரியன் கதிர் விரிக்கிறது. கப்பல் ஒரு மங்கிய நிழலுரு. உலர்ந்த தூரிகையின் மெல்லிய கோடுகளுக்கிடையே தாள் தெரிகிறது. எதுவும் உடையவில்லை. 1940 ஜூன் 8 அன்று இரண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் குளோரியஸையும் அதன் துணைக்கப்பல்கள் இரண்டையும் மூழ்கடித்தன. இறந்தவர் 1,500க்கும் மேல். 1942 செப்டம்பர் 2 அன்று, ஐஸ்லாந்துக் கடற்பகுதியில் காணாமல் போன ஒரு விமானத்தைத் தேடிப் புறப்பட்ட விமானத்தில் ரவீலியஸும் சென்றார். அதுவும் திரும்பவில்லை. அவருக்கு வயது 39.

இதைக் கப்பற்சேத ஓவியம் என்று அழைக்கலாமா? ஆம் என்போர், அந்தக் குளிர்ந்த அமைதியிலேயே அழிவு இருக்கிறது என்கிறார்கள். இது கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டிய வாதம். பின்னால் நடந்ததை அறிந்த நாம் அந்த அறிவைத் தாளில் ஏற்றுகிறோம் என்பதே உண்மைக்கு நெருக்கம். குளோரியஸ் பத்திரமாகத் துறைமுகம் திரும்பியிருந்தால், இதே படத்தை நள்ளிரவுச் சூரியனின் இனிய காட்சி என்று சொல்லியிருப்போம். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. கோட்மனிடமிருந்து வந்த அந்த உலர்ந்த, உணர்ச்சி காட்டாத கை, டர்னரின் ஈரக் கொந்தளிப்புக்கு மாற்றாக ஒரு வழியைத் திறந்தது. ரவீலியஸின் ஆசிரியர்களில் ஒருவரான பால் நாஷும் அதே 1940இல், வயல்களிலும் பூங்காக்களிலும் விழுந்து கிடந்த ஜெர்மானிய விமானங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். ஆக்ஸ்ஃபோர்ட் அருகே குவிந்திருந்த விமானச் சிதைவுகளைப் பின்னர் எண்ணெய் வண்ணத்தில் உறைந்த அலைகளாக ஆக்கினார். கடல் இல்லாமலே கப்பற்சேத மரபு தொடர்ந்தது. ரிச்சர்ட் யூரிச் 1942இல் வரைந்த எண்ணெய் ஓவியத்தில் குண்டடிபட்ட கப்பலே இல்லை; கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருக்கும் சிலர் மட்டுமே. டர்னரின் எறும்புச் சாரி இங்கே முகங்களாகிவிட்டது.

தீராதவை

ஐந்து நிலைப்பாடுகளில் எதுவும் தனித்து நிற்கும் வலுவுடையதாகத் தெரியவில்லை. இறைநியதி வாசிப்பு தோற்றுவாயை விளக்குகிறது, அதற்கு மேல் போகவில்லை. உன்னதக் கோட்பாடு பெரிய கித்தானுக்குப் பொருந்தி, சிறிய தாளில் தடுமாறுகிறது. சாட்சிக் கோட்பாடு தன் புகழ்பெற்ற உதாரணத்தில் தோற்று, ஹோமர் போன்ற அமைதியான உதாரணங்களில் வெல்கிறது. பொருள்சார் வாசிப்பும் அரசியல் வாசிப்பும் இன்று முன்னணியில் இருக்கின்றன. ஆனால் முன்னது மனிதர்களையும் பின்னது மேற்பரப்பையும் மறந்துவிடும் போக்குடையது. பெட்ஃபோர்ட் தாளில் இவ்விரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நுரைக்காகக் கீறப்பட்ட அதே பகுதியில்தான் பெயரற்ற அந்தச் சின்னஞ்சிறு உருவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒருசேர விளக்கும் ஆய்வே அடுத்து வர வேண்டியது என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அந்தக் கப்பலின் அடையாளம் தீரவில்லை. வீட்டு ஆல்பங்களில் இருந்த இப்படங்களை அக்காலத்தார் எப்படிப் பார்த்தார்கள், யாருக்குக் காட்டினார்கள் என்பதற்கு ஃபோக்ஸ் 1819இல் தன் லண்டன் வீட்டில் நடத்திய பொதுக் காட்சி போன்ற ஓரிரு பதிவுகளே உதவுகின்றன. பழைய வினா வேறு வடிவில் திரும்பியும் இருக்கிறது. 2021 நவம்பர் 24 அன்று, டர்னர் பலமுறை கடந்த அதே ஆங்கிலக் கால்வாயில் ஒரு ரப்பர் படகு மூழ்கிக் குறைந்தது 27 பேர் இறந்தனர். அதை வரைவது தகுமா, தகுமென்றால் எந்த ஊடகத்தில் என்ற விவாதத்துக்கு மேற்கண்ட ஐந்து விடைகளும் போதுமானவையாகத் தோன்றவில்லை.

நடைமுறைச் செய்தி ஒன்று. நீர்வண்ணம் ஒளிபட்டு மங்கும். எனவே இந்தத் தாள்கள் பெரும்பாலான நாட்கள் பெட்டிக்குள் இருட்டில்தான் இருக்கின்றன. அச்சுப் பிரதியில் அளவும் தெரியாது, கீறலும் தெரியாது. இவற்றைப் பற்றி எழுத நினைப்பவர் மூலத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதே முறை. லண்டனில் டேட் பிரிட்டனிலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் தாளோவியங்களுக்கென்று தனி ஆய்வறைகள் உண்டு. முன்பதிவு செய்தால் டர்னரின் புயல்களையும் கோட்மனின் முறிந்த பாய்மரத்தையும் மேசைமேல் வைத்தே பார்க்கலாம்.